ஒட்டாத பேப்பர்

வாடைக்காற்று உள்துறைமுகத்து நீரைத் தடவிக்கொண்டு வந்து அபூதாஹிரின் ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டியது. மார்கழிப் புயல் ஓய்ந்து மூன்று கிழமைக்கு மேலாகியும் திருகோணமலையின் பல தெருக்களில் இன்னும் மின்சாரம் இல்லை. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், காலடியில் கரிச்சட்டியும் தலையில் கம்பளித் தொப்பியுமாகச் சாய்கதிரையில் கிடந்தார் துப்பறிவாளர் அபூதாஹிர். மடியில் ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகள். கையில் ஒரு மேசைக்கத்தி.

"நானா, ஒண்டு கேக்கட்டா?" என்றான், அவரை அண்ணன் ஸ்தானத்தில் நானா என்றே கூப்பிடும் உதவியாளன் டொமினிக். "உலகத்தில இருக்கிற துப்பறிவாளர் எல்லாரும் துவக்கோட திரியினம். நீங்கள் மட்டும் பாணுக்கு பட்டர் பூசுற கத்தியோட இருக்கிறியள்."

"பேப்பர் கிழியாமப் பிரிக்க வேணும். துவக்கால ஏலாது."

சர்ர்ர் என்று ஒரு தாள் இன்னொரு தாளைவிட்டு உரிந்து வந்தது.

புயலில் தண்டவாளம் உடைந்து ரயில் நின்றபோது கொழும்புப் பத்திரிகைகளும் வழியில் நின்றுவிட்டன. திறந்த வண்டியில் நாட்கணக்காக மழையில் ஊறி, பிறகு வெயிலில் காய்ந்து, போன கிழமைதான் ஊருக்குக் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பத்திரிகையும் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு பலகை மாதிரிக் கிடந்தது. கத்தியைக் கரிச்சட்டியில் லேசாகச் சூடாக்கி, பக்கம் பக்கமாகப் பிரித்து, திகதி வரிசை தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தார் அபூதாஹிர்.

"தை பிறந்து பொங்கலும் முடிஞ்சுது. நீங்கள் இன்னும் நத்தார் பண்டிகைக்கே வந்து சேரேல்ல" என்றான் டொமினிக்.

ஒரு காலத்தில் படக்கொட்டகைக்காகக் காரில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக விளம்பரம் சொன்னவன் அவன். அந்த வேலை போய்விட்டாலும் வாய் அப்படியே இருந்தது. அபூதாஹிர் அதற்கு நேர் எதிர். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் காலி செய்யும்வரை அங்கே காவல் பிரிவில் வேலை பார்த்தவர். பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லுவார்.

அந்தக் கட்டு அவருடையது அல்ல. முந்தாநாள் ஓர்ஸ் ஹில்லில் இருந்து வந்த இராஜநாயகம் கொடுத்துவிட்டுப் போனது.

இராஜநாயகத்தை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் லோஞ்சுகளை அவரும் தம்பியும் பாதிப் பாதியாக வைத்து ஓட்டினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய இரண்டு கண்களிலும் படலம் விழுந்தது. இந்தியாவுக்குப் போய் வைத்தியம் செய்து, சரிவரவில்லை என்று கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாகத் திரும்பி வந்தார். போன வருஷம் ஒரு பின்னேரம் அண்ணனும் தம்பியும் லோஞ்சில் போனார்கள். தம்பி தண்ணீரில் விழுந்து செத்துப்போனான். "அவன் விழுந்த சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் இருந்தும் என்னால் காப்பாற்ற முடியவில்லை" என்று மரண விசாரணையில் இராஜநாயகம் அழுதபோது கூட இருந்தவர்களும் அழுதார்கள். ஒருத்தி மட்டும் அழவில்லை. தம்பியின் மனைவி ஞானமலர். "அவருக்குக் கண் தெரியும். அவர்தான் என்ர மனுசனைக் கொன்றவர்" என்று கத்தினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. கொஞ்ச நாளில் அவள் ஊரைவிட்டே காணாமல் போனாள்.

"புயலில செத்த ஆக்களின்ர பேரில அவளின்ர பேரும் வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவர்" என்று முந்தாநாள் இதே கதிரையில் இருந்து சொன்னார் இராஜநாயகம். குரல் தழுதழுத்தது. "என்னைப் பேசினவள்தான். எண்டாலும் என்ர தம்பியின்ர பெண்சாதி. எங்க தாட்டவை எண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ. ஒரு சிலுவை நட வேணும். என்ர பேப்பர் எல்லாம் ஒரே கட்டா வந்து கிடக்கு. சமைக்க வாற மனுசிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கட்டே பிரிக்கேல்ல. நீங்கள் வைச்சுப் பாருங்கோ."

டொமினிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து போகும்போது கையைப் பிடித்து வாசல் படி மூன்றையும் எண்ணி எண்ணி இறக்கிவிட்டான்.

"இந்தா, அவளின்ர பேர்" என்றார் அபூதாஹிர்.

புயலில் உயிரிழந்தோர் என்ற தலைப்புக்குக் கீழே, நீண்ட பெயர் வரிசையின் நடுவில், திருமதி ஞானமலர், திருகோணமலை என்று இருந்தது. எங்கே கண்டெடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை.

"பிறகென்ன, பேர் கிடைச்சுதே. மிச்சத்தை மூடி வையுங்கோ நானா. கண்ணும் பழுதாகும்."

"மிச்சத்தையும் பாப்பம்."

மழை வலுத்தது. அடுத்த பத்திரிகையை உரித்தார். அதற்கடுத்ததையும் உரித்தார். அதன்பின் எடுத்ததற்குக் கத்தி தேவைப்படவில்லை. தாள்கள் சத்தமில்லாமல் தாமாகவே விரிந்தன.

"இது ஒண்டுதான் நல்ல வீட்டுப் பிள்ளை. சண்டை பிடிக்காம வருது" என்றான் டொமினிக்.

ஆறாம் பக்கத்தின் அடியில், சுருட்டு விளம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் சதுரத்தில் அபூதாஹிரின் விரல் நின்றது. லாம்பைக் கிட்டே இழுத்து உரத்து வாசித்தார்.

"திருத்தம். புயலில் உயிரிழந்தோர் என எமது பத்திரிகையில் வெளியான பெயர்களுள் திருகோணமலையைச் சேர்ந்த திருமதி ஞானமலரின் பெயர் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அவர் தற்போது இறக்கக்கண்டியில் நலமாக வசித்து வருகிறார். தமது கணவரின் மரணம் குறித்து மறுவிசாரணை கோரவிருப்பதாகவும் அவர் எமது நிருபரிடம் கூறினார்."

"கர்த்தரே! உயிரோட இருக்கிறா!" டொமினிக் துள்ளி எழுந்து கார்ச் சாவியைப் பறித்தான். "அந்த மனுசன் சிலுவை செய்யக் குடுத்திருப்பார். ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"விடிய ஆறுதலாச் சொல்லலாம்."

"நானா, நல்ல செய்தியைக் கட்டி வைச்சா அதுவும் ஒட்டிப்போகும்!"

வெளியே அவர்களுடைய பழைய மொறிஸ் மைனர் இருமி, குலுங்கி, ஓர்ஸ் ஹில் பக்கம் போவது கேட்டது.

அபூதாஹிர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த பத்திரிகையை எடுத்தார். அது பிரியவில்லை. கத்தியைச் சூடாக்கினார். சர்ர்ர். அதற்கடுத்ததும் அப்படியே. கட்டில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி உதறிப் பார்த்தார். எல்லாமே பலகையாகத்தான் விறைத்து நின்றன.

திருத்தம் வந்த பத்திரிகையைத் திரும்ப எடுத்தார். ஆறாம் பக்கத்தை லாம்புக்கு முன்னால் பிடித்தார். தாளின் ஓரத்தில் எதிர்ப்பக்கத்து மை அங்கங்கே ஒட்டியிருந்தது. இதுவும் மற்றவற்றைப் போல ஊறிக் காய்ந்து ஒட்டிக்கிடந்த பத்திரிகைதான். அவர் கைக்கு வருமுன்னரே யாரோ பொறுமையாக உரித்திருக்கிறார்கள். வாசித்துவிட்டுப் பழையபடி மடித்துக் கட்டின் நடுவில் செருகியிருக்கிறார்கள்.

கட்டே பிரிக்கவில்லை என்று சொன்ன வீட்டில், எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் வராத வீட்டில், யார் வாசித்தது?

அபூதாஹிர் கத்தியைக் கரிச்சட்டியின் ஓரத்தில் வைத்தார்.

இராஜநாயகத்துக்குக் கண் தெரியும். ஞானமலர் கத்தியது உண்மை. அவள் உயிரோடு இருப்பதும் இறக்கக்கண்டியில் இருப்பதும் இந்த வீட்டுப் படி ஏறும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கறுப்புக் கண்ணாடியோடு இறக்கக்கண்டியில் இறங்கி அவளை விசாரிக்க அவரால் ஏலாது. அங்கே யாரும் அவளைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார்கள். அதற்கு இரக்கமுள்ள வேறு ஆள் வேண்டும். செத்துப்போனாள் என்று நம்பி, உயிரோடு இருக்கிறாள் என்று தானே கண்டுபிடித்த சந்தோஷத்தில், வீடுவீடாகத் தட்டி அவளைத் தேடிப் பிடித்து, இன்ன வீடு என்று வந்து சொல்லும் ஆள்.

அந்த ஆளின் உதவியாளன் இப்போது அவரிடம் ஓடிப் போயிருக்கிறான்.

அபூதாஹிர் தொப்பியோடு வாசலுக்கு ஓடினார். வீட்டுக்கு முன்னால் ஓடிய ஒழுங்கை இருண்டு கிடந்தது. இந்த மழையில் நடந்து போய்த் தடுக்க முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் மொறிஸ் மைனரின் மஞ்சள் வெளிச்சம் வளைவில் திரும்பியது.

டொமினிக் நனைந்தபடி உள்ளே வந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"சொல்லிப்போட்டியா?"

"சொன்னனான். இருங்கோ நானா, ஏசுறதுக்கு முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ." துவாயை எடுத்துத் தலையைத் துடைத்தான். "படலையைத் திறந்து போறன். ஜன்னல் சீலைக்குப் பின்னால லாம்பு வெளிச்சம் தெரியுது. சமைக்கிற மனுசி நிக்கிறா போல எண்டு நினைச்சுக் கதவைத் தட்டினன். தட்டின உடனே வெளிச்சம் அணைஞ்சுது. பிறகுதான் கதவு திறந்துது. இராஜநாயகத்தார் தனியத்தான் நிண்டவர். கண் தெரியாத மனுசன் ஏன் லாம்பு கொளுத்துறார்? கொளுத்தினாலும், நான் தட்ட ஏன் நூக்கிறார்?"

அபூதாஹிர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "பிறகு?"

"பிறகு என்ன, எனக்குச் சந்தேகம்தான். ஆனா வாய் திறந்துட்டுது. 'ஐயா, ஞானமலர் அக்கா உயிரோட இருக்கிறா' எண்டு சொல்லிப்போட்டன். 'எங்க?' எண்டு கேட்டார். நான் ஆர்? டொமினிக் இல்லையா? ஒரு செக்கன் யோசிச்சு, ஈச்சிலம்பற்று எண்டு சொன்னன்." அவன் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அவள் வடக்கில, நான் ஆளைத் தெற்குக்கு அனுப்பிப்போட்டன். விடிய வெளிக்கிட்டாலும் மூதூர் தாண்டி, ஒவ்வொரு துறையா ஓடத்தில ஏறி இறங்கிப் போய்ச் சேரப் பின்னேரமாகும். எப்படி?"

"ஈச்சிலம்பற்று எண்டு சொன்னதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"'அப்படியா பேப்பரில போட்டிருக்கு?' எண்டு கேட்டார். ஓம் எண்டன். சிரிச்சுக்கொண்டு 'சந்தோஷம் தம்பி' எண்டார்."

அபூதாஹிர் திருத்தம் வந்த பத்திரிகையைத் தூக்கி அவனிடம் நீட்டினார். "மற்றதெல்லாம் ஒட்டியிருக்கு. இது ஒட்டேல்ல. ஏனெண்டு யோசி."

டொமினிக் தாளைப் புரட்டினான். கட்டில் இருந்த இன்னொன்றைப் பிரித்துப் பார்த்தான். அது விறைத்து நின்றது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"அவர் இதை வாசிச்சவர்."

"வாசிச்சுப்போட்டுத்தான் எங்களிட்ட தந்தவர். இறக்கக்கண்டி எண்டு இருக்கிறது அவருக்குத் தெரியும். நீ ஈச்சிலம்பற்று எண்டு சொன்ன நிமிஷத்திலயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எங்களுக்குச் சந்தேகம் வந்துட்டுது. நாங்கள் அவளை ஒளிக்கிறம். இனி என்ன செய்வம் எண்டு அவர் நினைப்பார்?"

"பயந்து... உடனே அவவுக்குச் சொல்ல ஓடுவம் எண்டு."

"ஓம். நேரா அவளின்ர வாசலுக்கு."

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். அபூதாஹிர் லாம்பைத் தணித்தார். டொமினிக் சீலையை ஒரு விரலால் விலக்கினான்.

ஒழுங்கை முனையில், வேப்பமரத்தின் கீழ், வெளிச்சமில்லாமல் ஒரு கார் நின்றது. மழைத்துளிகள் அதன் மூக்கில் விழுந்து மெல்லிய ஆவியாக எழும்பிக்கொண்டிருந்தன. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை.

"செத்துப்போன தம்பியின்ர ஹில்மன்" என்று கிசுகிசுத்தான் டொமினிக். "ஓட்ட ஆளில்லாமக் கராஜில கிடக்கு எண்டு சொன்னவரே. நானா, நாங்கள் அசையாம இருந்தா?"

"கனக்க நேரம் காத்திருக்க மாட்டார். கண் தெரியாத வேஷம் இனி எங்களிட்ட எடுபடாது எண்டு அவருக்குத் தெரியும். மறுவிசாரணை எண்டா முதல்ல கண் டாக்குத்தரிட்டத்தான் அனுப்புவினம். அதுக்கு முதல் அவளை முடிக்க வேணும். நாங்கள் போகாட்டி அவரே இறக்கக்கண்டிக்குப் போய்க் கதவு கதவாத் தட்டுவார்."

"அப்ப போனாலும் பிழை, போகாட்டியும் பிழை."

"போவம்" என்றார் அபூதாஹிர், கோட்டை மாட்டிக்கொண்டு. "ஆனா அவளிட்ட இல்லை."

மொறிஸ் மைனர் ஓர்ஸ் ஹில் சந்தியைத் தாண்டி நிலாவெளி ரோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் புயல் முறித்துப்போட்ட தென்னைகள் தலையில்லாமல் நின்றன. பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லை. டொமினிக் ஒரு வளைவில் காரை மெதுவாக்கினான். மழைச் சத்தத்தினூடே இன்னொரு எஞ்சினின் உறுமல் கேட்டது.

"லைட் போடாம வாறார்" என்றான். "கண் தெரியாத ஆளுக்கு லைட் எதுக்கு? நியாயமான மனுசன்."

அபூதாஹிர் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த டொமினிக்கின் கை மேல் தன் கையை ஒரு கணம் வைத்து எடுத்தார்.

"உப்புவெளிக்கு அங்கால, தென்னந்தோட்டத்துக்குள்ள பொலிஸ் சாஜன் றஊபின்ர வீடு இருக்கு. அங்க விடு. மரண விசாரணையில இராஜநாயகத்தின்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சிக் கதிரையில இருத்தினவன் அவன்தான்."

"அவர் வீட்டில இல்லாட்டி?"

"இருக்க வேணும்."

சாஜன் றஊபின் வீட்டு வளவுக்கும் ரோட்டுக்கும் நடுவே வெள்ளம் ஆழமாக ஒரு வாய்க்காலை அறுத்துவிட்டிருந்தது. ஆள் உயரத்துக்குப் பள்ளம். அதன்மேல் ஒற்றைப் பலகை போட்டிருந்தார்கள். காரை ரோட்டில் விட்டு இருவரும் பலகையில் நடந்தார்கள். வளவுக்குள் ஒரு தென்னை பாதைக்குக் குறுக்கே சாய்ந்து, நெஞ்சளவில் நின்றது. அதற்குக் கீழே குனிந்து போனார்கள். வீட்டு முன்பக்கம் இருட்டாக இருந்தது. குசினி அடுப்படியில் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம்.

அபூதாஹிர் வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "ஞானமலர்! தங்கச்சி ஞானமலர்! கதவைத் திற பிள்ளை!"

டொமினிக் குசினிப் பக்கம் ஓடினான். றஊபின் மனைவி ஸுல்பிகா பாதிக் கதவைத் திறந்து முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"சாஜன் இருக்கிறாரா?"

"இரிக்காரு. தொழுதுக்கிட்டு இரிக்காரு. முடியட்டும், இரிங்க."

"அக்கா, எங்களுக்கு நேரமில்ல. ஒரு கொலைகாரன் வாறான்!"

"தொழுகைய நான் எப்படி இடையில நிப்பாட்டுற?" அவள் குரலும் தாழ்ந்தது. "இப்பதான் தொழ நிண்டவரு. முடிஞ்சதும் சொல்றன்."

டொமினிக் முன்பக்கம் ஓடி வந்து அபூதாஹிரின் காதில் அதைச் சொன்னான். அபூதாஹிர் ரோட்டைப் பார்த்தார். ஒரு கார்க் கதவு மெல்லச் சாத்தும் சத்தம் வந்தது.

"நீ அந்தச் சாய்ஞ்ச மரத்தடிக்குப் போ. அவர் என்னட்ட வந்த பிறகு பலகையை இழுத்து எடு. சத்தம் போடாத. உன்ர வாயைப் பற்றித்தான் சொல்லுறன்."

அவர் மட்டும் இருட்டில், வாசல் தூணோடு சாய்ந்து, அசையாமல் நின்றார்.

இராஜநாயகம் வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. கைத்தடி கையில் இருந்தது. ஆனால் அது நிலத்தைத் தட்டவில்லை. நடுவில் பிடித்து, உலக்கை மாதிரித் தூக்கி வைத்திருந்தார். ஒற்றைப் பலகையில் அடி பிசகாமல் நடந்தார். சாய்ந்த தென்னைக்குக் கீழே தலையைக் குனிந்து நிமிர்ந்தார். தூணில் இருந்து ஐந்தடியில் நின்றார்.

"அபூதாஹிர், அவள் எங்க?"

"ஐயா, நீங்கள் வளவுக்குள்ள வந்த பிறகு நான் வாயே திறக்கேல்ல. இந்த இருட்டில நிக்கிறது நான்தான் எண்டு எப்படித் தெரிஞ்சுது?"

இராஜநாயகம் சிரித்தார். முந்தாநாள் தழுதழுத்த குரல் அல்ல அது.

"நீர் கெட்டிக்காரன்தான். தெரிஞ்சு என்ன செய்யப்போறீர்? இராஜநாயகத்துக்குக் கண் தெரியுது எண்டு நாளைக்கு ஊருக்குச் சொல்லுவீரா? ஒருத்தி ஏற்கெனவே சொன்னவள். விசர் எண்டவை. கரையில நிண்டு எல்லாத்தையும் பார்த்தவள். அவளையே நம்பாத ஊர் உம்மை நம்புமா?"

"என்னத்தைப் பார்த்தவ?"

"தள்ளும், அங்கால. அவளோடதான் எனக்குக் கதை."

"லோஞ்சில என்னத்தைப் பார்த்தவ ஐயா? தம்பி தவறி விழுந்ததையா?"

"அவன் நல்லா நீந்துவான்." இராஜநாயகம் ஒரு அடி முன்னால் வைத்தார். தடி உயர்ந்தது. "அதனால லோஞ்சை அவனுக்கு மேலால திருப்ப வேண்டி வந்தது. இப்ப உமக்கு விளங்கினது போதுமா?"

தடி இறங்கியது. அபூதாஹிர் தூணுக்குப் பின்னால் சறுக்கினார். மரத்தில் மரம் மோதிய சத்தம் வளவெங்கும் கேட்டது. இரண்டாம் முறை தடி உயர்ந்தபோது வாசல் கதவு திறந்து, ஒரு டோர்ச் வெளிச்சம் இராஜநாயகத்தின் முகத்தில் நேராக விழுந்தது.

அவர் கண்கள் கூசின. கையால் மறைத்தார்.

தொழுகைத் தொப்பியும் இடுப்புச் சாரமுமாகச் சாஜன் றஊப் வாசலில் நின்றார். அவர் முகம் இறுகியிருந்தது.

"நான் நம்புறன்" என்றார். "தொழுகை முடிஞ்சு சலாம் குடுத்த கையோட கதவடிக்கு வந்துட்டன். லோஞ்சு கதை முழுக்கக் கேட்டனான்."

இராஜநாயகம் திரும்பி ஓடினார். வந்த வழியே, சாய்ந்த மரத்துக்குக் கீழே குனிந்து, வாய்க்காலை நோக்கி ஓடினார். டோர்ச் வெளிச்சம் அவர் முதுகைத் தொடர்ந்தது. வாய்க்காலின் விளிம்பில், ஒரு சாணுக்கு முன்னால், இரண்டு கால்களையும் மணலில் ஊன்றிச் சட்டென்று நின்றுவிட்டார்.

பலகை அங்கே இல்லை. மரத்தடியில் அதைக் கட்டிப்பிடித்தபடி டொமினிக் இருந்தான்.

றஊப் ஆறுதலாக நடந்து வந்தார். "கண் தெரியாத மனுசன் இதுக்குள்ள விழுந்திருப்பார், ஐயா" என்றார். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மரண விசாரணை நாளில் பிடித்த அதே மென்மை இப்போது அந்தப் பிடியில் இல்லை.

பொலிஸ் நிலையத்தில் வைத்து இராஜநாயகம், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, என் கண்ணாடியைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டாராம். அடுத்த நாள் கண் டாக்குத்தர் பார்த்துவிட்டு, அந்த இந்திய வைத்தியர் மிக நல்ல வேலை செய்திருக்கிறார் என்று சொன்னார்.

விடிந்ததும் அபூதாஹிர், டொமினிக், றஊப் மூவரும் இறக்கக்கண்டிக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. ஞானமலரைத் தெரியுமா என்று கேட்ட முதல் நான்கு வீடுகளிலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். ஐந்தாவது வீட்டில் ஸல்ஹா என்ற மீன்காரப் பெண் சாஜனின் உடுப்பை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்கள எதுக்குத் தேடுறீங்க? இவ்வளவு நாளும் ஆரும் தேடல்லயே" என்றாள். அபூதாஹிர் நடந்ததைச் சொன்னார். முழுவதையும் கேட்ட பிறகுதான் அவள் வாசலை விட்டு விலகினாள்.

பின்வளவில் ஒரு பெண் ஓலைக் கொட்டிலுக்குப் புதுக் கிடுகு கட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சாஜனைக் கண்டதும் கையிலிருந்த கத்தியை இறுக்கிப் பிடித்தாள்.

றஊப் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, உங்கட மச்சானுக்குக் கண் தெரியுது" என்றார்.

"அதை நான் போன வருஷமே உங்களுக்குச் சொன்னனான்."

"ஓம். சொன்னீங்க."

"இப்ப நீங்கள் கண்டீங்களா? உங்கட கண்ணால?"

"என்ட கண்ணால கண்டன். காதாலயும் கேட்டன். ஆள் உள்ளுக்கு இரிக்கார்."

ஞானமலர் கத்தியைக் கிடுகுக் குவியலில் வைத்தாள். உட்கார இடம் தேடுவது போல அங்குமிங்கும் பார்த்து, கடைசியில் ஈர மணலிலேயே இருந்துவிட்டாள்.

"எனக்கே சில நாள் நம்பிக்கை இல்லாமப் போயிட்டுது" என்றாள். "எல்லாரும் விசர் விசர் எண்டு சொல்ல, நான்தான் பிழையாப் பார்த்தனானோ எண்டு யோசிச்சனான். இரவில கண்ணை மூடி லோஞ்சைத் திரும்பத் திரும்பப் பார்ப்பன். ஒவ்வொரு தரமும் அது அவரைச் சுத்தித்தான் வரும்."

டொமினிக் அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தான்.

"மரண விசாரணையில ஒண்டு சொல்லேல்ல" என்றாள் அவள். "அதுக்குள்ள என்னை இருக்கச் சொல்லிப்போட்டினம். அதை இப்ப சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்று றஊபும் மணலில் உட்கார்ந்தார். அபூதாஹிரும் உட்கார்ந்தார்.

"லோஞ்ச் திரும்பி வரேக்க அவர் ஒரு கையைத் தூக்கினவர். அண்ணனைப் பார்த்து இல்லை. கரையில நான் நிக்கிற பக்கம் பார்த்துத்தான் தூக்கினவர். தூரத்தில நிண்டாலும் என்னைக் கண்டுட்டார்."

அவள் தன் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, அது எப்படி இருந்தது என்று காட்டினாள். அந்தக் கை இறங்குவதற்குள் அவள் அழத் தொடங்கினாள். தன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது கண்டது அன்றைக்குத்தான் என்று ஸல்ஹா பிறகு சொன்னாள். மூன்று ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அந்த ஈர மணலில் இருந்தார்கள்.